லாரி போனாலே ரெக்கார்ட் பிளேயர் ஊசி குதிக்கிறது, மலிவாக ஒரு வழி சொல்லுங்கள்

காசிமேட்டில் முதல் மாடி வீடு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கினால் எங்கள் ஜன்னல் கம்பி வரை அதிரும். அந்த நேரம் அப்பாவின் பழைய ரெக்கார்ட் பிளேயரில் ஊசி குதித்து, பல்லவியிலிருந்து நேராகச் சரணத்துக்குப் போய்விடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் 'ஊம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருந்தன, என் தப்புதான். ஸ்பீக்கரைத் தனி ஸ்டூலுக்கு மாற்றியதும் அது நின்றது.

லாரிதான் இன்னும் தீரவில்லை. டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து நான்கு மூலைக்கும் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கனமான பக்கம் பிளேயர் சாய்கிறது.

அடுத்து, சைக்கிள் டியூபில் அரைகுறையாகக் காற்றடித்து, மேலே கடப்பாக் கல், அதன்மேல் பிளேயர் என்று யோசனை. ஊசி தாங்கும் கை சுமார் 10 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குப் பத்து முறை, தானாகவே ஆடக்கூடியது. அடியில் இருக்கும் டியூப் 3, 4 ஹெர்ட்ஸில் மெதுவாக ஆடும் அளவுக்குத் தளர்வாக இருந்தால்தான் அந்த 10 ஹெர்ட்ஸ் அதிர்வு மேலே ஏறாது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கல் எத்தனை கிலோ வேண்டும்? குழந்தைகள் சைக்கிளின் 12 இன்ச் டியூப் தாங்குமா? காற்று இறங்கி மட்டம் மாறினால் என்ன செய்கிறீர்கள்? 500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், அம்மாவுக்குக் கல் வாங்குவதே இன்னும் தெரியாது.