புதுப்பிப்பு: ஏரியில் விழுந்த எங்கள் தெருத் தண்ணீர்

குடியாத்தம் பக்கம் எங்கள் தெருவின் கழிவுநீர் நேராக ஏரியில் விழுகிறது என்று ஆடி மாதம் எழுதியிருந்தேன். அக்டோபர் 2 கிராம சபையில் பேசினோம், தீர்மானம் போட்டார்கள். இப்போது கால்வாய் முனையில் ஒரு வண்டல் தொட்டி, அடுத்து ஜல்லி நிரப்பிய கல்வாழைப் படுகை. மண்ணும் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் பெரும்பாலும் தொட்டியிலேயே நின்றுவிடுகின்றன. மிச்ச அழுக்கை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓடுவதால் படுகையில் கொசு முட்டையிட வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

போன வாரம் மழையில் தொட்டி நிரம்பி, வண்டல் ஜல்லிக்குள் ஏறிவிட்டது. அள்ளிக் கழுவிப் போட்டோம். அப்புறம், இரண்டு வீடுகளின் கழிப்பறைக் குழாய் இதே கால்வாயில் சேர்கிறது. அதற்கு இந்தப் படுகை போதாது. அந்தக் கழிப்பறைகளுக்கு இரட்டைக் குழி (ஒன்று நிரம்பினால் மற்றதுக்கு மாற்றிவிடும் இரண்டு குழிகள்) தோண்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.