புது பேட்டரியும் திங்கள் காலையில் இறங்கிவிடுகிறது: எதைச் சோதிப்பது?

தேவனாம்பட்டினம் செவிலி:
சிறிய பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. வெள்ளி மாலை நிறுத்திவிட்டுச் சனி, ஞாயிறு எடுக்காவிட்டால், திங்கள் காலை சாவியைத் திருப்பும்போது 'டக் டக்' என்ற ஓசை மட்டும்தான். பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது வாங்கினேன். அதற்கும் அதே கதி. இப்போது ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு விடியற்காலைப் பணி. வண்டி கிளம்பாவிட்டால், நான் போய்ச் சேரும்வரை இரவுப் பணி முடித்த தோழியால் தன் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. மேலும் பணம் போடுமுன் எதைப் பார்க்க வேண்டும்? வீட்டில் வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறது.

கடலோரவாசி:
பேட்டரி டெர்மினலில் (கேபிள் மாட்டும் முனையில்) வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, பாருங்கள். நம் உப்புக்காற்றுக்கு இது வழக்கம். வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். வெள்ளி இரவு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்தாலும் போதும்.

முதுநகர் எலக்ட்ரீஷியன்:
கழுவுவது சரி. வாராவாரம் கழற்றி வைப்பது நோயை மூடிவைப்பது. அதை நான் ஏற்க மாட்டேன். அம்மா, மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் எத்தனை வோல்ட்? வெள்ளி இரவு வண்டி ஆறியபின் எத்தனை, திங்கள் காலை எத்தனை? ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டரைத் தொடவே வேண்டாம்.

தேவனாம்பட்டினம் செவிலி:
டெர்மினல் சுத்தம். ஓடும்போது 14.2. வெள்ளி இரவு 12.6. திங்கள் காலை 11.9.

முதுநகர் எலக்ட்ரீஷியன்:
அப்படியானால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 12.6 என்றால் முழுச் சார்ஜ், 12.2 பாதி, 11.9 ஏறக்குறைய காலி. நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்கிறது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வண்டியின் கணினிகள் உறங்க அரைமணி நேரம் விடுங்கள். பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சரிகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

தேவனாம்பட்டினம் செவிலி:
0.41 காட்டியது! ஆடியோ ஃபியூஸை எடுத்ததும் 0.03. சில மாதங்களுக்கு முன் வெளியே ஒரு கடையில் தொடுதிரை ஸ்டீரியோ போட்டோம். ஆனால் இரவில் திரை கறுப்பாகத்தானே இருக்கிறது, ஐயா?

முதுநகர் எலக்ட்ரீஷியன்:
திரை அணைந்தாலும் உள்ளே விழித்திருக்கும். இவற்றில் பொதுவாக மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்புக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்புக்கு. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். கணக்கும் பொருந்துகிறது: 0.41 ஆம்பியர், 60 மணி நேரம், கிட்டத்தட்ட 25 ஆம்பியர்-மணி. 35இல் மிச்சம் என்ன? குற்றமே செய்யாத பழைய பேட்டரியைக் கழற்றிப் போட்டிருக்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

தேவனாம்பட்டினம் செவிலி:
சிவப்பைப் பிரித்துச் சரியான இடத்தில் கொடுத்தாயிற்று. இப்போது 0.03தான். மிக்க நன்றி ஐயா. புது பேட்டரி கெட்டிருக்குமா?

முதுநகர் எலக்ட்ரீஷியன்:
காலியாகவே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும், அதனால் தாமதிக்காதீர்கள். வீட்டிலிருந்து மருத்துவமனை வரையான சிறு ஓட்டத்தில் இவ்வளவு பள்ளம் நிரம்பாது. சார்ஜரில் மூன்றரை ஆம்பியர் வைத்து இரவு முழுவதும் ஏற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில். ஹைட்ரஜன் வெளிவரும், அருகில் தீ கூடாது. ஒரு பகல் சும்மா விட்டபின் 12.6 நின்றால் தப்பித்தது. நிற்காவிட்டால் லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்துப் பேட்டரியின் திறனைப் பார்க்கும் சோதனை) செய்து அந்தச் சீட்டோடு வாரண்டி கேளுங்கள்.