ஃபோர்ஸ் ரிகவரி 6 போட்டா முழுக்க வருமாமே?

முறிகண்டிக்_கச்சான்:
நேற்று இன்னொரு திரியிலை ஒருத்தர் எழுதியிருக்கிறார்: “கரண்ட் போய் சேர்வர் எழும்பாட்டி எஃப்எஸ்செக்கை (டிஸ்கின்ரை பைல் அமைப்பைத் திருத்திற கருவி) ‘வை’ ஓப்ஷனோட (எல்லாத்துக்கும் ‘ஓம்’) ஓட விடுங்கோ. பிறகு டேற்றாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல்லிலை ஃபோர்ஸ் ரிகவரி (பழுதானதை வலுக்கட்டாயமாய் எழுப்புற செற்றிங், 1 இலையிருந்து 6 வரை) 6. முழு டேற்றாபேஸும் வரும்.” கீழை நெல் ஆலைக்காரர் ரெண்டு பேர் நன்றி வேற சொல்லியிருக்கினம். ஐப்பசி இடிமின்னல் துவங்கப்போகுது. இதைக் கேக்க ஆருமில்லையோ?

மாங்குளம்_சந்தி:
எழுதினது நான்தான். பேர் சொல்லியே கேக்கலாம். 6 போட்டா எழும்பும். எழும்புமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
எழும்பும் தம்பி. 6 எண்டா ரீடூ லொக்கைத் (மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற பதிவு) திரும்ப ஓட்டாமல் விடுறது. கடைசிச் செக்பொயின்றுக்குப் (அதுவரை மாறினதெல்லாம் டிஸ்கிலை ஏறி முடிஞ்ச இடம்) பிறகு மாறின பேஜ்களிலை (டேற்றாத் துண்டுகள்) சிலது டிஸ்க்குக்கு வந்திருக்கும், சிலது லொக்கிலை மட்டும் இருக்கும். அந்த லொக்கைத்தான் நீர் தூக்கி எறியிறீர். பிறகு இன்டெக்ஸிலை மேல் பேஜ் காட்டுற இடத்திலை கீழ்ப் பேஜ் பழசாய்க் கிடக்கும்.

1 இலை துவங்கவேணும். எழும்பினால் உடனே டம்ப் (டேற்றாவை வேற பைலிலை எழுதி எடுக்கிறது). சரிவராட்டி 2, பிறகு 3. அதுவும் டேற்றா டிரெக்டரியின்ரை கொப்பியிலை. 4 இலையிருந்து பைல் நிரந்தரமாய்க் கெடலாம் எண்டு மைஎஸ்கியூஎல் கையேட்டிலையே கிடக்கு.

மாங்குளம்_சந்தி:
மைஎஸ்கியூஎல் 5.7 இலை 4 இலையிருந்து மேலை போனால் இன்னோடிபி (ரேபிள்களைச் சேமிக்கிற பகுதி) ரீட் ஒன்லி. எழுதவே ஏலாத ஒண்டு எப்பிடி அண்ணை கெடுக்கும்? கையேட்டை முழுக்க வாசியுங்கோ.

பாலைப்பழம்:
“முழு டேற்றாபேஸ்” எண்டு எதை வைச்சுச் சொல்லுறியள்? ரேபிள் எண்ணிக்கையா, வரி எண்ணிக்கையா?

குளக்கட்டு:
ரீட் ஒன்லியிலை எடுத்த டம்ப் நடுவிலை ஒரு கெட்ட பேஜிலை முட்டி சேர்வரோட விழும். அப்ப என்ன செய்வீர்? பிரைமரி கீயாலை துண்டு துண்டாய் செலக்ட் பண்ணி, கெட்ட இடத்தைத் தாண்டி, மற்றப் பக்கத்தாலை டெஸ்க் (இறங்கு வரிசை) போட்டு ஏறி வரவேணும். உம்மடை பதிவிலை இதிலை ஒரு வரி இல்லை. 6, 6, 6 எண்டு மந்திரம் மட்டும் கிடக்கு.

வவுனியா_லினக்ஸ்:
6 இல்லை பிரச்சினை, அந்த ‘வை’தான். ஈஎக்ஸ்டி4 இலை (லினக்ஸ் பைல் அமைப்பு) அடிபட்ட ஐநோட்டைக் (பைலின்ரை விபரக் குறிப்பு) கண்டால் எஃப்எஸ்செக் அழிச்சுப்போடும். ஐநோட் போச்சுதெண்டால் பைலின்ரை எக்ஸ்ரென்ற் வரைபடமும் (டிஸ்கிலை எங்கெங்கை கிடக்கெண்டது) போச்சு. டிரெக்டரி உடைஞ்சிருந்தால் பைல் எல்லாம் லொஸ்ற் அண்ட் பவுண்டுக்குள்ளை வெறும் நம்பரோட கிடக்கும். எக்ஸ்எஃப்எஸ் (வேறொரு பைல் அமைப்பு) எண்டால் எனக்கு நம்பிக்கை கூட.

குளக்கட்டு:
உங்கடை எக்ஸ்எஃப்எஸ் பக்தியைப் போன வருசத் திரியிலையே பாத்தாச்சு. அதிலை ரிப்பேருக்குப் பெரிய ‘எல்’ போட்டு லொக்கைப் பூச்சியமாக்கச் சொன்னது ஆர்?

வவுனியா_லினக்ஸ்:
அது வேற சந்தர்ப்பம். கிளிநொச்சிக்காரருக்கு வவுனியாவிலையிருந்து ஒண்டு சொன்னால் ஏறாது.

குளக்கட்டு:
சரி, வரிசையைச் சொல்லுறன். டிஸ்கைக் கழட்டு. டிடிரெஸ்கியூவாலை (பழுதான டிஸ்கைக் கொப்பி எடுக்கிற கருவி) மப் பைலோட (எது வாசிச்சாச்சு எண்ட குறிப்பு) இமேஜ் (டிஸ்கின்ரை முழுக் கொப்பி) எடு. முதல் சுற்று ‘என்’ ஓப்ஷன், கெட்ட செக்டரைச் சுரண்டாமல் தாண்டிப் போகும். ரெண்டாம் சுற்று ‘ஆர்3’, கெட்ட இடத்தை மூண்டு தரம் திரும்ப முயற்சிக்கும். இமேஜை லூப் டிவைசிலை (பைலை டிஸ்க் மாதிரிக் காட்டுறது) ரீட் ஒன்லியாய்க் கட்டி, ‘ஆர்ஓ’வோட (ரீட் ஒன்லி) ‘நோலோட்’டும் (ஜேர்னலை ஓட்டாதை) குடுத்து மவுண்ட் பண்ணு. ‘ஆர்ஓ’ மட்டும் குடுத்தால் ஈஎக்ஸ்டி4 ஜேர்னலை (பைல் அமைப்பின்ரை மாற்றப் பதிவு) ஓட்டி டிஸ்கிலை எழுதப் பாக்கும், இது கனபேருக்குத் தெரியாது. எஃப்எஸ்செக் போடவேணுமெண்டால் முதல் ‘என்’ (எல்லாத்துக்கும் ‘இல்லை’, ஒண்டையும் மாத்தாது) போட்டு என்ன சொல்லுதெண்டு வாசி. ‘வை’ பிறகு, இமேஜின்ரை கொப்பியிலை.

லொஸ்ற் அண்ட் பவுண்டிலை கிடக்கிற நம்பர் பைல்களை அடையாளம் பிடிக்கிறது லேசு. இன்னோடிபி பேஜ் வழமையாய் 16384 பைட். முதல் பேஜிலை 34ஆம் பைட்டிலையிருந்து நாலு பைட், ஸ்பேஸ் ஐடி (எந்த ரேபிள்ஸ்பேஸ் எண்ட இலக்கம்). மைஎஸ்கியூஎல் 8.0 எண்டால் ஐபிடி2எஸ்டிஐ எண்ட கருவி ரேபிள் பேரையே சொல்லும். ஐநோட்டே போயிருந்தால் இமேஜ் முழுக்க ஸ்கான் பண்ணவேணும்: ஒவ்வொரு பேஜிலையும் 24ஆம் பைட்டிலை 17855 எண்ட பேஜ் வகை (இன்டெக்ஸ் பேஜ்), 99இலை ‘இன்ஃபைமம்’ எண்ட எழுத்து. 66இலை இருக்கிற இன்டெக்ஸ் ஐடியை வைச்சுப் பேஜ்களைப் பிரி. அன்ட்ரொப் ஃபொர் இன்னோடிபி எண்ட மீட்புக் கருவியிலை ஸ்ட்ரீம் பாசர் இதைத்தான் செய்யுது. பிறகு அதே கருவியின்ரை சி பாசருக்குக் கிரியேட் ரேபிளைக் (ரேபிளின்ரை அமைப்பு) குடு. அதிலை ஒரு கொலம் நல் (வெறுமை) ஆகலாமா இல்லையா எண்டது பிழைச்சால் போதும், விவசாயியின்ரை புசல் கணக்கு இருக்கவேண்டிய இடத்திலை குப்பை நம்பர் வரும். ஈஎக்ஸ்டி4 புளொக் 4 கேபி, ஒரு பேஜுக்கு நாலு புளொக். அது சிதறிக் கிடந்தால் செக்சம் பிழைக்கும். இன்னோசெக்சம் (பேஜின்ரை செக்சம் சரியோ எண்டு பாக்கிற கருவி) ஓட்டாமல் எதையும் நம்பாதை.

மாங்குளம்_சந்தி:
இவ்வளவும் எழுதினீங்கள், 6 எழும்பாது எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை. பெரும்போக நெல் வாங்கிற நேரம் ஆலை வாசலிலை லொறி வரிசையிலை நிக்கும். ‘இமேஜ் வைக்க யாழ்ப்பாணத்திலையிருந்து 4 ரிபி டிஸ்க் பஸ்ஸிலை வரட்டும், பொறுங்கோ’ எண்டு ஆர் சொல்லுறது?

முறிகண்டிக்_கச்சான்:
4 ரிபி ஏன்? கெட்ட பார்ட்டிஷனை மட்டும் இமேஜ் எடுத்தால் காணும்.

மாங்குளம்_சந்தி:
யூபிஎஸ் பற்றரியை மாத்தியிருந்தால் இமேஜே தேவையில்லை.

வவுனியா_லினக்ஸ்:
ஃப்ளஷ் லொக்கை (கொமிட்டை, அதாவது முடிஞ்ச பதிவை, எப்ப டிஸ்கிலை எழுதுறது எண்ட செற்றிங்) 2 இலை விட்டிட்டு யூபிஎஸ் கதைக்கிறார். 2 எண்டால் மிசின் விழும்போது கடைசி ஒரு செக்கன் அளவு கொமிட் போயிடும். 1 இலை வையுங்கோ.

மாங்குளம்_சந்தி:
1 இலை வைச்சால் அந்தச் சுத்துற டிஸ்கிலை பில் போட விடியும். அனுபவமில்லாத ஆக்கள் கதைக்கப்படாது.

பாலைப்பழம்:
வரி எண்ணிக்கை கேட்டனான்.

குளக்கட்டு:
தம்பி மாங்குளம், பதிவை அழிக்கச் சொல்லேல்லை. ‘வை’யை எடுத்துப்போட்டு, 6க்கு மேலை “1, 2, 3, கொப்பியிலை” எண்டு ஒரு வரி போடும்.

மாங்குளம்_சந்தி:
போட மாட்டன். 6 எழும்பும்.

குளக்கட்டு:
எழும்பும் எண்டு முதல் பதிலிலையே சொல்லிட்டன். 24ஆம் பைட்டைப் பற்றி ஏதும் இருந்தால் கதையும்.