குடோனில் போட்ட சாமான் காணோம்: ‘பெரியாத்தா வீட்டுச் சொந்தங்கள்’ குழு

செல்வி (திருப்பாலை): வீடு இடிச்சுக் கட்டுறோம்னு சாமானையெல்லாம் ஒரு ஸ்டோரேஜ் கம்பெனி குடோன்ல போட்டோம்ல. 41 உருப்படி குடுத்தது, 36 தான் இருக்குன்றாங்க. பித்தளைப் பாத்திர மூட்டை ரெண்டு, பட்டுச்சேலைப் பெட்டி, மிக்சி கிரைண்டர் பெட்டி, வாஷிங் மெஷின் காணோம். 5,000 ரூவா தாரோம், கையெழுத்துப் போட்டுட்டு மிச்சத்த ஏத்திட்டுப் போங்கன்றாங்க. என்ன செய்ய?

கயல் வக்கீல்: அக்கா, அதுல கையெழுத்துப் போட்றாதீங்க. ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ன்னு ஒரு வரி இருக்கும். நாளைக்கு வழக்குப் போட்டா அவங்க மொதல்ல நீட்டுறது அந்தத் தாளைத்தான்.

பாண்டி அண்ணன்: டெலிவரி சீட்டுல போடாம சாமான் வெளிய வராதே கயலு.

கயல் வக்கீல்: டெலிவரி சீட்டுல போடலாம்ணே, செட்டில்மென்ட் தாள்லதான் கூடாது. சீட்டுலயும் கையெழுத்துக்கு மேல பேனாவுல எழுதணும்: ‘36 உருப்படி மட்டும் வந்தது. எண் 7, 8, 19, 23, 40 வரவில்லை. இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ எழுதினதும் அங்கயே ஒரு போட்டோ.

பாண்டி அண்ணன்: செல்வி, பேக்கிங் லிஸ்ட்டப் போட்டோ எடுத்து இங்க போடு தாயி.

செல்வி: (போட்டோ)

பாண்டி அண்ணன்: பாத்தியா, 19க்கு நேர ‘துணிப்பெட்டி, பார்ட்டி பேக்கிங்’னு எழுதிருக்கான். நீங்களே கட்டுன பெட்டி, உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு பேசுவாங்க. 7, 8 அவங்க ஆளு கட்டுன மூட்டை, அதுல அந்தப் பேச்சு எடுபடாது. அதனால சேலைக்குத்தான் ஆதாரம் கெட்டியா வேணும்.
இன்னொண்ணு. நிறைய நேரம் சாமான் திருடு போறதில்ல, மாறிப் போயிரும். ஸ்டிக்கர் வெக்கையில பசை விட்டு விழுந்துரும். ராக்கை ஒதுங்க வைக்கும்போது பக்கத்துப் பார்ட்டி சாமானோட கலந்துரும். அதனால எழுத்துல கேளு: நம்ம ராக்குல இருந்தும் பக்கத்து ராக்குல இருந்தும் யார் லோடு எந்தத் தேதியில வெளிய போச்சு, கேட் ரிஜிஸ்டர் நகல், கேமரா பதிவு. இன்னைக்கே மெயில் போட்ரு. கேமரா பதிவு மேல மேல எழுதித் தானா அழிஞ்சிரும்.

செல்வி: அக்ரிமெண்ட்ல உருப்படிக்கு 1,000 ரூவாதான் பொறுப்புன்னு இருக்காம்ணே. அதான் 5,000ன்றாங்க.

கயல் வக்கீல்: அந்தப் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்காக்கா? இது முக்கியம். 1996ல ஒரு கூரியர் வழக்குல, கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட வரம்பு செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அச்சடிச்சு, யாரும் காட்டாம விட்ட நிபந்தனைன்னா எதுத்து வாதாட நல்லா இடம் இருக்கு.

செல்வி: மொதப் பக்கத்துல மட்டுந்தான் கையெழுத்து. இது பின்பக்கம்.

கயல் வக்கீல்: நல்லது. ஒப்படைச்ச பொருளைத் தன் பொருளைப் போலப் பாத்துக்கணும்னு 1872 ஒப்பந்தச் சட்டம் 151வது பிரிவு சொல்லுது. கவனமா இருந்தோம்னு அவங்கதான் காட்டணும்.

முருகேசன் சித்தப்பா: இன்சூரன்ஸ் எடுத்தியாம்மா? எடுத்திருந்தா பாலிசியப் பாரு. லாரியில போற வரைக்கும் மட்டுமா, குடோன்ல இருக்கும்போதும் உண்டான்னு. எம்புட்டு மதிப்பு எழுதுன?

செல்வி: 2 லட்சம் சித்தப்பா. எல்லாம் சேத்தா 4 லட்சம் வரும்.

முருகேசன் சித்தப்பா: அப்ப பாலிசியில ஆவரேஜ் கிளாஸ் (மதிப்பைக் குறைச்சு எழுதுனா அதே விகிதத்துல நஷ்ட ஈட்டையும் குறைக்கிற நிபந்தனை) இருந்தா பாதிதான் கிடைக்கும். 60,000க்கு நஷ்டம்னா 30,000. மிச்சத்தக் கம்பெனிகிட்டத்தான் கேக்கணும். எதுக்கும் இன்னைக்கே இன்சூரன்ஸ்காரனுக்கு எழுதிரு, தாமதத்தக் காட்டித் தள்ளுவான்.
விலை போடுற முறை சொல்றேன். வாஷிங் மெஷின் இன்னைக்கு 32,000, ஆயுள் 10 வருஷம், நீ 4 வருஷம் ஓட்டிருக்கன்னா 12,800 கழிச்சு 19,200. பித்தளைக்குத் தேய்மானம் போட விடாத. கிலோ கணக்குல, புதுப் பாத்திர விலையில கேளு. பழைய பித்தளை எடைக்குப் போடுற ரேட்டை அவன் சொல்லுவான், ஒத்துக்காத. தெற்குமாசி வீதியிலயோ எங்கயோ பாத்திரக்கடையில லெட்டர்பேடுல கொட்டேஷன் வாங்கு.
பில் இல்லாட்டி கல்யாண ஆல்பத்தப் பாரு. சேலை கட்டுன போட்டோ, சீர்வரிசைப் போட்டோவுல குத்துவிளக்கு, அண்டா, உருளி அம்புட்டும் தெரியும். பாத்திரத்துல பேர் வெட்டிருந்தா அதையும் எழுது. ஆன்லைன்ல வாங்குனதுக்கு ஆர்டர் ஹிஸ்டரி இருக்கும். ஆனா ஒண்ணக் கூட்டிச் சொன்னாலும் மத்ததையும் நம்ப மாட்டாங்க.

செல்வி: பட்டுச்சேலை பில் ரெண்டு கிடைச்சிருச்சு. வழக்குன்னா செலவு எம்புட்டு ஆகும் கயலு?

கயல் வக்கீல்: கட்டணமே இல்லக்கா. நுகர்வோர் ஆணையத்துல கட்டணத்தைப் பொருள் மதிப்ப வச்சுப் பாக்க மாட்டாங்க, நீங்க கம்பெனிக்குக் கட்டுன வாடகையத்தான் பாப்பாங்க. அது 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. கம்பெனி தலைமை ஆபீஸ் எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கிறது மதுரை, அதனால மதுரை மாவட்ட ஆணையத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம். வக்கீல் கட்டாயமில்ல. 2 வருஷத்துக்குள்ள போடணும்.
அதுக்கு முன்னாடி நோட்டீஸ். பொருள் வாரியா மதிப்பு, ஆதாரம், 15 நாள் கெடு. ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சிய எடுத்து வைங்க, மெயில்லயும் போடுங்க. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் குடுங்க. சில கம்பெனி அதுலயே பேச வரும். வாட்ஸ்அப்புல பேசுனத அழிக்காதீங்க, அதையும் தாக்கல் பண்ணலாம், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் சேக்கணும், நான் எழுதித் தாரேன்.
லாரியில வரும்போது தொலஞ்சதுன்னு அவங்க பேச்ச மாத்துனா? சாலைவழிச் சரக்குச் சட்டத்துல, புக்கிங் பண்ணுன நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போயிருக்கணும். அதனால குடோன்ல தொலஞ்சிருந்தாலும் லாரியில தொலஞ்சிருந்தாலும் நீங்கதான் பொறுப்புன்னு நோட்டீஸ்ல ரெண்டையும் எழுதிருவோம்.

பாண்டி அண்ணன்: போலீஸ்ல குடுக்கலாமா?

கயல் வக்கீல்: குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கிற சீட்டு) வாங்குங்க, இன்சூரன்ஸுக்கும் உதவும். குடோன்காரனே கையாடல் பண்ணிருந்தா பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்ப இருக்கிற குற்றவியல் சட்டம்) 316(3)ல 7 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. ஆனா வெறும் கவனக்குறைவு குற்ற வழக்கா நிக்காது. அதனால புகார்ல ‘திருடிட்டாங்க’ன்னு எழுதாம, ஒப்படைச்ச தேதி, காணாமப் போன எண்கள், அவங்க சொன்ன பதில் இத மட்டும் எழுதுங்க.

செல்வி: கடைசி மாச வாடகையக் கட்டுனாத்தான் மிச்சத்த விடுவேன்றாங்க. கட்டாம வச்சுக்கிறவா?

பாண்டி அண்ணன்: கட்டிரு தாயி. வாடகை ஏறிக்கிட்டே போகும், இருக்கிற சாமானும் அங்கிட்டு இங்கிட்டு ஆயிரும்.

கயல் வக்கீல்: ரொக்கமாக் குடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்பி, ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’னு மெயில் ஒண்ணு போட்ருங்க. தொலஞ்ச அஞ்சு உருப்படிக்கான வாடகையத் திருப்பிக் கேக்குறத நான் நோட்டீஸ்ல சேத்துக்கிறேன்.

பாண்டி அண்ணன்: ஏத்த வரும்போது லிஸ்ட்டக் கையில வச்சு ஒவ்வொண்ணா எண் பாத்து டிக் அடிக்கணும். ஞாயித்துக்கிழமைன்னா நானும் வாரேன்.