மறு: மென்தடை, வன்தடை வேண்டாம்; நிரல் தடை, கருவித் தடை என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

வைஃபை பாடக்குறிப்பில் சாஃப்ட் பிளாக் (மென்பொருள் வைஃபையை நிறுத்தி வைப்பது), ஹார்டு பிளாக் (வன்பொருள் நிறுத்தி வைப்பது) இரண்டுக்கும் மென்தடை, வன்தடை என்று போடலாம் எனப் பலரும் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். அச்சுக்குப் போகும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னை வியாசர்பாடியில் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொற்களை வாயால் சொல்லிப் பாடம் நடத்தப்போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு அக்கறை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மடிக்கணினியைப் போடுகிறோம், கடவுச்சொல் கொடுக்கிறோம், திரை வந்துவிடுகிறது. ஆனால் வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. பக்கத்திலிருக்கும் போனில் அதே வைஃபை நன்றாக வருகிறது. இந்த இடத்தில் நம் பிள்ளைகள் உடனே சொல்வது "வைஃபை கார்டு போயிடுச்சு சார்". கார்டு போயிருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) என்று கொடுத்தால் வைஃபை, புளூடூத் என்று ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி வரும்: சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு. எதிரே யெஸ் அல்லது நோ. சாஃப்ட் என்பதற்கு நேரே யெஸ் என்றிருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று கொடுத்து அங்கேயே எடுத்துவிடலாம். ஹார்டு என்பதற்கு நேரே யெஸ் இருந்தால் இந்தக் கட்டளையை எத்தனை தடவை அடித்தாலும் நகராது. இந்த இரண்டுக்கும்தான் பெயர் தேடுகிறோம்.

> மென்பொருள், வன்பொருள் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே வரிசையில் மென்தடை, வன்தடை என்றால் விளக்கமே தேவையில்லை.

வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மென்தடை என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர் காதில் மின்தடை என்றுதான் விழும். எழுத்திலும் ஒரு கொம்புதான் வித்தியாசம். மின்தடை என்றால் இந்தப் பக்கத்தில் கரண்ட் கட். பத்தாம் வகுப்பு இயற்பியலில் அதுவே ரெசிஸ்டன்ஸ். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல்லுக்குப் பக்கத்தில் மூன்றாவதை உட்காரவைக்கிறோம். அதுவும் எந்த நேரத்தில்? கரண்ட் போய் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து "நெட் வரலை" என்கிறவரிடம் "மென்தடை இருக்கிறதா பாருங்கள்" என்றால், அவர் எழுந்து போய் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

இன்னொன்று, மென்மையான தடை என்றதும் கொஞ்சம் சிக்னல் வரும், வேகம் குறையும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் சாஃப்ட் பிளாக் இருக்கும்போது வைஃபை முழுக்க நின்றுவிடுகிறது. அதில் சற்று, மிக என்ற அளவெல்லாம் கிடையாது. தடையைப் போட்டது யார் என்பதில்தான் வேறுபாடு. வன்தடைக்கும் இது பொருந்தும். போதாததற்கு வன்தட்டு என்ற சொல் ஹார்டு டிஸ்க்குக்கு நிலைத்துவிட்டது.

> தடை என்பதே கடினமாக இருக்கிறது. பூட்டு என்று வைத்தால் பாமரருக்கும் புரியும். தண்டையார்பேட்டை ரிப்பேர் கடையில்கூட 'லாக் ஆயிருக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் நாம் எழுதுவது கணினி பூட் ஆன, அதாவது தொடங்கிய, பிறகு வரும் சிக்கலைப் பற்றி. 'பூட்டில் வரும் கோளாறு' என்ற ஒரு வரியை எழுதிப் பாருங்கள். பூட் ஆகும்போது வரும் கோளாறா, பூட்டில் உள்ள கோளாறா? மேலும் திரைப்பூட்டு என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அடைப்பு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அடைப்பு தானாக ஏற்படுவது, குத்தி எடுக்க வேண்டியது. இங்கே யாரோ ஒருவர் வேண்டுமென்றே போட்ட கட்டுப்பாடு இருக்கிறது. முடக்கு என்பதை டிசேபிள் என்பதற்கு எல்லா மென்பொருளிலும் போட்டுவிட்டோம், அதைத் தொட வேண்டாம்.

தடை கடினமான சொல் என்பதை நான் ஏற்கவில்லை. மீனவர் வாழும் காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மீன்பிடித் தடைக்காலம் என்றால் என்னவென்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு நன்றாக இருக்கிறது, என்ஜின் நன்றாக இருக்கிறது, டீசல்கூட இருக்கலாம். உத்தரவு போட்டிருக்கிறார்கள், அதனால் கரையில் நிற்கிறது. உத்தரவு முடிந்த அன்று கிளம்பிவிடும். சாஃப்ட் பிளாக்கும் அச்சு அசல் இதுதான். கார்டு நன்றாக இருக்கிறது, கார்டை இயக்கும் டிரைவரான இயக்கி நிரலும் ஏறியிருக்கிறது, போகக்கூடாது என்று ஒரு உத்தரவு மட்டும் நிற்கிறது. 'கார்டு போயிடுச்சு' என்ற பயத்தைப் போக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தடை இருக்கட்டும். அதன் முன்னால் வரும் சொல், கையை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் காட்ட வேண்டும். நிரல், அதாவது மென்பொருள், போட்டது நிரல் தடை. அதை நிரலால் எடுக்கலாம். கருவி போட்டது கருவித் தடை. கருவியில்தான் எடுக்க வேண்டும். அன்பிளாக் என்பதற்குத் தடை நீக்கு. செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் பழகிய சொல்.

> கருவித் தடையைவிடச் சுவிட்ச் தடை இன்னும் எளிது அல்லவா?

சுவிட்ச் இருக்கும் கணினியில் எளிது. பழைய மடிக்கணினிகளில் முன்விளிம்பில், உள்ளங்கை படுகிற இடத்துக்குக் கீழே, நகக்கண் அளவில் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். பையிலிருந்து இழுத்து எடுக்கும்போது ஜிப் பட்டு நகர்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். வெயிலில் அதுவும் தெரியாது. வகுப்பில் கருவித் தடை வந்தால் முதலில் விரலால் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் இப்போது வரும் பெரும்பாலான கணினிகளில் அந்தச் சுவிட்ச் இல்லை. எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் விசை பெரும்பாலும் நிரல் தடையைத்தான் போடுகிறது, எடுக்கிறது. பார்ப்பவருக்கு அதுவும் சுவிட்ச்தான். ஆகச் சுவிட்ச் தடை என்றால் தவறான பக்கம் திருப்பிவிடுவோம். விசைத் தடைக்கும் இதே கதி. இன்னும் உள்ளே போனால், மடிக்கணினிக்குள் செருகும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை வைஃபை கார்டில் 20ஆம் முனை ரேடியோவை நிறுத்துவதற்கென்றே இருக்கிறது. அந்த முனைக்கு வரும் மின்குறிப்பு கார்டை நிறுத்தினால் அதுவும் ஹார்டு பிளாக்தான். வெளியே சுவிட்ச் எதுவும் இருக்காது. கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில் வைஃபையை அணைத்து வைத்திருந்தாலும் சில கணினிகளில் இப்படிக் காட்டும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். சில மடிக்கணினிகளில் சுவிட்சே இல்லாதபோதும், அந்தத் தயாரிப்புக்கென எழுதிய இயக்கி நிரல் தவறாக ஹார்டு பிளாக்டு யெஸ் என்று சொல்லிவிடும். அந்த இயக்கியை ஏறவிடாமல் செய்தால் சரியாகிவிடும். அப்படியானால் அது நிரல் தடை இல்லையா? என் எண்ணம்: கலைச்சொல், கணினி என்ன சொல்கிறதோ அதற்குத்தான் பெயர். கணினி கருவித் தடை என்கிறது. அது பொய்யாகவும் இருக்கலாம் என்பதைப் பாடத்தில் ஒரு பத்தியாக எழுதுவோம்.

நிரல் தடையில் பிள்ளைகளை அதிகம் குழப்புவது, அணைத்துப் போட்டாலும் அது போகாமல் இருப்பது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகும் என்று பழகியிருக்கிறார்கள். தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இருக்கும் லினக்ஸில், தடை இருந்ததா இல்லையா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை தொடங்கும்போது அப்படியே திரும்பப் போட்டுவிடும். நேற்று இரவு விமானப் பயன்முறையில் (ஏர்பிளேன் மோட்) போட்டு மூடியவர் இன்று காலையும் அதே நிலையில்தான் இருப்பார். ஒருமுறை தடையை நீக்கிவிட்டு அணைத்தால் அடுத்த முறை ஒழுங்காக வர வேண்டும். அப்படியும் திரும்ப வந்தால் பேட்டரி சேமிக்கப் போட்ட டிஎல்பி போன்ற நிரலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வைஃபையை அணைக்கும் வசதி அதில் உண்டு. 'நினைவுத் தடை' என்று இதற்குத் தனிச்சொல் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பேன். 'சென்ற முறை அணைத்தபோது இருந்த நிரல் தடை' என்று வாக்கியமாகவே எழுதலாம்.

விண்டோஸ் 8 முதல் வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் இங்கே இழுக்க வேண்டாம். ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையமான கர்னலின் நிலையைச் சேமித்துவைத்து மீண்டும் எடுப்பதால், இயக்கி நிரல் சிக்கலோடேயே திரும்ப வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் புதிதாகத் தொடங்கும். அது தடை அல்ல, வேறு பாடம்.

கடைசியாகப் புணர்ச்சி. நிரல் தடை சேர்ந்தால் நிரற்றடை ஆக வேண்டும் என்று ஐயா ஒருவர் சுட்டியிருந்தார். இலக்கணப்படி அவர் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் நிரற்றடை என்று அச்சிட்டால் அதற்குள் நிரல் இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது, தேடினாலும் சிக்காது. இடைவெளி விட்டு நிரல் தடை என்று இரண்டு சொல்லாகவே எழுதலாம். கருவித் தடையில் ஒற்று இருக்கட்டும்.

வைஃபை என்றே எழுதுவதா, அருகலை என்று தமிழில் எழுதுவதா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. அது எப்படி முடிந்தாலும் திரைச் செய்தி இப்படி அமையும்:

"வைஃபை: நிரல் தடை உள்ளது. தடை நீக்கவா?"
"வைஃபை: கருவித் தடை உள்ளது. கணினியின் விளிம்பில் சுவிட்ச் இருந்தால் தள்ளிப் பாருங்கள். இல்லையெனில் பயாஸ் அமைப்பைப் பாருங்கள்."

இந்த இரண்டு வரியையும் வீட்டில் கணினி அதிகம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் என்ன செய்யப் போனார் என்பதை இந்த இழையிலேயே எழுதுங்கள். எங்கள் வகுப்பில் நானும் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து