ஒன்றியப் பள்ளிக்கு புது ரூம் கட்ட காசு யாருகிட்ட கேக்கணும்?

செம்மண்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு திருவண்ணாமலை பக்கம், ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஸ்கூல் டாய்லெட் சுவர் விழுந்து மூணு பசங்க செத்தாங்கல்ல, அதுக்கப்புறம் இடிக்க வேண்டிய கட்டடம்னு லிஸ்ட் எடுத்தப்ப எங்க ஓட்டு கட்டடத்தையும் இடிச்சாங்க, அது சரிதான், மழைன்னா உள்ளயே ஒழுகும். ஆனா இடிக்க காட்டுன வேகம் கட்டறதுல காணோம். இப்ப மிச்சம் இருக்கற ஒரே ரூம்லயும் வராண்டாலயும் அஞ்சு கிளாஸும் நடக்குது. நான் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கேன், தீர்மானம் போட்டு குடுத்தாச்சு. பி.இ.ஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல கேட்டா பி.டி.ஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் போங்கறாங்க, அங்க போனா "எஸ்டிமேட் போயிருக்கு". எங்க போயிருக்குன்னு மட்டும் ஒருத்தரும் வாய தொறக்கல. ஊர்ல பாதி பேரு வசூல் பண்ணி நாமளே கட்டிடலாம், அதுவரைக்கும் கீத்து கொட்டகை போடலாம்ங்கறாங்க. என்ன பண்ணலாம்?

பழைய ஓவர்சியர்:
மொதல்ல கொட்டகை பேச்சை விடுங்க தம்பி. 2004ல கும்பகோணத்துல ஸ்கூல் கீத்துக் கூரை தீப்பிடிச்சு 94 குழந்தைங்க எரிஞ்சதுக்கு அப்புறம் எந்த ஆபீசரும் அதுக்கு கையெழுத்து போட மாட்டார், போடவும் கூடாது. அடுத்தது, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி கட்டடம் எல்லாம் ஒன்றியத்தோட சொத்து, பாடம் நடத்தறது மட்டும்தான் கல்வித்துறை. அதனால பி.இ.ஓவ சுத்தி பிரயோஜனம் இல்ல. ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போட்டு, அது கலெக்டர் ஆபீஸ்ல ஊரக வளர்ச்சி முகமைக்கு போகும், அங்க நிர்வாக அனுமதி வந்தாதான் டெண்டர். உங்களுக்கு வேண்டியது அந்த ஃபைல் நம்பரும் எந்த நிதித் தலைப்புல, அதாவது எந்த திட்டத்துல பணம் கேட்டு அனுப்பினாங்கங்கறதும். வாயால சொல்லலன்னா 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். 2022ல அறிவிச்ச பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அஞ்சு வருஷத்துக்கு 7,000 கோடி, 18,000 வகுப்பறைன்னு சொன்னது. அதுல உங்க ஸ்கூல் பேரு இருக்கா இல்லையான்னு கேட்டு எழுதுங்க, சும்மா "நிலவரம் என்ன"ன்னு எழுதினா "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு வரி வரும்.

மலர் டீச்சர்:
ஐயா சொன்னதோட இன்னொன்னு. யூடைஸ்ல (ஸ்கூல் விவரம் எல்லாம் ஏத்தற அரசு கணக்கு) உங்க ஸ்கூலுக்கு எத்தனை ரூம் காட்டுதுன்னு எச்.எம் கிட்ட கேட்டு பாருங்க. இடிச்ச ரூமை எடுக்காம விட்டிருந்தா மேல இருக்கறவங்க கணக்குல உங்களுக்கு ரூம் பத்தாக்குறையே கிடையாது!! கல்வி உரிமைச் சட்டத்துல ஒரு டீச்சருக்கு ஒரு ரூமாவது இருக்கணும்னு இருக்கு, 60 பசங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், அப்ப ரெண்டு ரூம் உங்க உரிமை, தீர்மானத்துல இதை எழுதுங்க. சமக்ர சிக்ஷா (ஸ்கூலுக்கு சென்ட்ரல் நிதி தர்ற திட்டம்) பக்கம் பெருசா நம்ப வேணாம், பி.எம் ஸ்ரீங்கற சென்ட்ரல் மாதிரிப் பள்ளி திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு 2024-25க்கு சென்ட்ரல் நிறுத்தி வெச்சதே 2,152 கோடி, எங்க மேலயே அது விடிஞ்சுது.

கரிசக்காடு:
வசூல் பண்றதுல என்ன தப்பு? நமக்கு நாமே திட்டத்துல ஊரு மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடும், எஸ்.சி எஸ்.டி மக்கள் அதிகம் இருக்கற இடம்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். வெளியூர்ல சம்பாதிக்கற பசங்க கிட்ட கேட்டா குடுப்பாங்க.

செம்மண்:
அண்ணே எங்க ஊர்ல பாதி வீடு கூலி வேலை. காம்பவுண்ட் சுவருன்னா கேக்கலாம், ரெண்டு ரூமுக்கு மூணுல ஒரு பங்குன்னா எந்த மூஞ்சிய வெச்சிட்டு கேக்கறது. பக்கத்து ஊர்ல கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலாகும், அது வேற கதை. எம்.எல்.ஏ நிதி கேட்டா வருமா?

பழைய ஓவர்சியர்:
வரும், ஆனா ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 3 கோடிதான், அதுல ரோடு, சமுதாயக் கூடம், ஹைமாஸ் லைட்டு எல்லாம் போட்டி. வருஷக் கடைசில போனா காலிதான், ஏப்ரல் மே-லயே தீர்மான நகலோட போங்க. உங்க மாவட்டத்துல 2025 ஜனவரிலயே ஒன்றிய கவுன்சிலர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்துட்டார்ல, அதனால மன்றத்துல சண்டை போட ஆள் இல்லாம போச்சு, அந்த வேலையையும் நீங்கதான் பாக்கணும். கிராம சபைலயும் தீர்மானம் ஏத்துங்க, திங்கக்கிழமை கலெக்டர் மனு நாள்ல ரெண்டு தீர்மானத்தையும் சேத்து குடுங்க. அப்புறம் ஃபைல் கிடைச்சா எஸ்டிமேட் எந்த வருஷத்து ரேட்டுன்னு கட்டாயம் பாருங்க, பழைய ரேட்டா இருந்தா டெண்டர் எடுக்க ஒரு கான்ட்ராக்டரும் வர மாட்டான், திருத்தி போடச் சொல்லி கையோட எழுதி வாங்கிடுங்க.