அந்த ராஜாவின் கையெழுத்து

‘எ ராயல் அஃபேர்’ படத்தை 2012-ல் அது வந்த புதிதில் தனியாகப் பார்த்தேன். அன்று ராத்திரி முழுக்கக் கோபம். இப்படிப்பட்ட மனிதரை மதத்தின் பெயரால் கொன்றுவிட்டார்களே என்று. போன மாதம் அக்காவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அக்கா பல வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர். அவர் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, படமே வேறாகத் தெரிந்தது.

கதை 18-ம் நூற்றாண்டு டென்மார்க்கில் நடந்தது. மனநிலை சரியில்லாத ராஜா ஏழாம் கிறிஸ்டியன். அவருக்கு வைத்தியம் பார்க்க ஆல்டோனாவிலிருந்து வரும் ஜெர்மன் டாக்டர் ஸ்ட்ரூயன்சே. ராஜாவுக்கு டாக்டரை ரொம்பப் பிடித்துப்போகிறது. ராணி கரோலினுக்கும் பிடித்துப்போகிறது, அது வேறு விதமாக. டாக்டரின் அப்பா பக்தி மிகுந்த பாதிரியார், மகனோ பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளிக்காலப் புத்தகங்களில் ஊறியவர். இளவரசனுக்கு இரண்டு வயதில் அம்மை குத்தும் இடத்தில் அக்கா ஆடாமல் அசையாமல் பார்த்தார். ஜென்னர் பெரியம்மைத் தடுப்பூசி கண்டுபிடிப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்னால் அது. பிள்ளை பிழைக்கவில்லை என்றால் டாக்டரின் தலை அன்றைக்கே போயிருக்கும்.

அப்புறம் ராஜாவின் பெயரில் டாக்டரே போட்ட ஆணைகள். சித்திரவதையை ஒழித்தார், பத்திரிகைத் தணிக்கையை எடுத்தார், தேவாலயப் பண்டிகை விடுமுறைகளைக் குறைத்தார். 16 மாதத்தில் ஆயிரத்துக்கும் மேல் என்கிறது வரலாறு. நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா கணக்குப் போட்டார். “தினம் ரெண்டு ஆணையா? ஒரு சுற்றறிக்கையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்தா கீழே இருக்கறவன் என்னடா பண்ணுவான்?”

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் டேனிஷ் மொழியே கற்கவில்லை, ஆணைகள் ஜெர்மனில் போயின. இது எங்கே போய் முடியும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்! அவர் திறந்துவிட்ட அச்சகங்களிலேயே அவரையும் ராணியையும் பற்றி அசிங்கமான துண்டுப் பிரசுரங்கள் வந்தன. 1771 அக்டோபரில் அந்தச் சுதந்திரத்துக்கு அவரே ஒரு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை என்னை அதிகம் பயமுறுத்தியது அரண்மனையில் டாக்டருக்கு எதிரியான குல்ட்பர்க்தான். இறையியல் படித்தவர். மதவெறி என்றால் கத்திக்கொண்டு வரும் கூட்டம் என்றே நினைத்திருந்தேன். இந்த ஆள் குரலை உயர்த்துவதே இல்லை. பொறுமையாகக் காத்திருக்கிறார். ராஜாவின் சிற்றன்னை யூலியானா மரியா பக்கத்தில் நின்று, கடவுளின் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று நிதானமாகச் சொல்கிறார், தெருவில் அது தானாகக் கத்தலாக மாறுகிறது.

1772 ஜனவரி 17, முகமூடி நடனம் முடிந்த விடியற்காலை. குல்ட்பர்க் கூட்டத்தார் தூங்கிக்கொண்டிருந்த ராஜாவை எழுப்பி, டாக்டரையும் ராணியையும் கைது செய்யும் உத்தரவுகளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 28-ல் டாக்டரின் வலது கையை வெட்டிவிட்டுத் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பிலும் அதே கையெழுத்து. சித்திரவதையும் திரும்ப வந்தது. கரோலினை நாடுகடத்தினார்கள், ஜெர்மனியில் ட்ஸெல்லே ஊரில் 23 வயதில் இறந்தாள். அவள் கடிதத்தை அவளுடைய பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நாங்கள் இரண்டு பேருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படம் முடிந்ததும் மிச்சத்தை நான் சொன்னேன். அம்மை குத்திப் பிழைத்த அந்தப் பிள்ளை பிரெடரிக், 1784-ல் 16 வயதில் மந்திரி சபைக்கு வந்து ஒரு காகிதத்தை அப்பாவிடம் நீட்டினான். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார், குல்ட்பர்க் கூட்டத்தின் ஆட்சி அதோடு போயிற்று. நான்கு வருடம் கழித்து, குடியானவனைப் பண்ணையோடு கட்டிப்போட்டிருந்த சட்டத்தையும் எடுத்தார்கள்.

அக்கா தொலைக்காட்சியை அணைத்தார். “அந்த ராஜா கையெழுத்துப் போடாத காகிதமே கிடையாதா?”